கவிதாவின் மூன்றாவது டோக்கன்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. ஒரு பெண்மணியின் மூன்று மாத உழைப்பை நான் ஒரே வாக்கியத்தில் காலி செய்தேன்.

வாக்கியம் இதுதான் — "தலைப்பு இன்னும் கொஞ்சம் பெருசா இருந்தா நல்லா இருக்குமே கவிதா?"

அவ்வளவுதான். எதையும் தொடவில்லை. எந்த பட்டனையும் அழுத்தவில்லை. வாயைத் திறந்தேன்... போதாதா?

கவிதா யாரென்று சொல்லிவிடுகிறேன். திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். நாற்பதை நெருங்கும் வயசு. ஆதார் திருத்தம், பட்டா நகல், பரீட்சை அப்ளிகேஷன், வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸுக்குப் போகும் மனுக்கள் — எல்லாம் அந்தப் பத்துக்கு எட்டு கடையிலிருந்துதான் கிளம்பும். நான் இன்னும் பேனாவில் எழுதுகிற ஆசாமி. வாரா வாரம் இந்தப் பத்தியை டைப் அடித்து அனுப்பித் தருவதும் அவர்தான். என்னுடைய எழுத்துப்பிழைகளை ஊருக்குச் சொல்லாத ஒரே வாசகி!

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒருநாள் போனபோது கம்ப்யூட்டரில் கறுப்புத் திரை, அதில் கலர் கலராக எழுத்து.

"என்னம்மா இது?"

"கோடு எழுதுறேன் சார்."

எனக்குத் தெரிந்த கோடு ஸ்கேல் வைத்துப் போடுவது. வீடு கட்டப் போகிறாரோ, பிளான் போடுகிறாரோ என்று நினைத்தேன். "எந்தப் பக்கம் மனை?" என்று கேட்டும்விட்டேன்.

சிரித்து முடித்த பிறகு விளக்கினார். ஏஐ எடிட்டர் என்று ஒன்று வந்திருக்கிறது. நமக்கு என்ன வேண்டுமென்று தமிழிலேயே சொன்னால் போதும், அதுவே கம்ப்யூட்டர் பாஷையில் எழுதித் தள்ளிவிடும். இவர் படித்தது பி.ஏ. ஹிஸ்டரி. ஆனாலும் அது எழுதுகிற ஒவ்வொரு வரியையும் நிறுத்தி, "இது என்ன? இது எதுக்கு?" என்று கேட்டுக் கேட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்திருந்தார்.

எதற்கு இந்தப் பாடு?

அங்கேதான் ஏழுமலை வருகிறார்.

ஏழுமலை, கவிதாவின் அண்ணன். நாற்பத்தைந்து வயசு. பேச்சு வராது. பேர் கேட்டாலும் சொல்லத் தெரியாது. கடையில் ஜெராக்ஸ் தாள்களை மூலைக்கு மூலை சரியாக அடுக்கி, பின் அடித்துக் கொடுப்பது அவர்தான். அவர் பின் அடித்த கட்டில் ஒரு தாள் கூடத் துருத்திக்கொண்டு நிற்காது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பௌர்ணமி. அண்ணனும் தங்கையுமாகக் கிரிவலம் போயிருக்கிறார்கள். பௌர்ணமி என்றால் இந்த ஊரில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்... பாதை முழுக்கத் தலை. ஒரு கடையில் தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு திரும்பினால், பக்கத்தில் ஏழுமலை இல்லை.

அப்போது காலை பத்து மணி. கிடைத்தபோது சாயங்காலம் ஆறு.

இடைப்பட்ட எட்டு மணி நேரமும் அவர் எங்கே இருந்தார் தெரியுமா? பத்திரமாக, நிழலில், ஒரு நாற்காலியில். அடி அண்ணாமலை பக்கம் மகளிர் குழுவினர் போட்டிருந்த உதவி மையத்தில் உட்கார வைத்து, இரண்டு தடவை புளிசாதம் கொடுத்திருக்கிறார்கள். மைக்கில் சொல்லவும் சொல்லியிருக்கிறார்கள் — "நீல சட்டை போட்ட ஒருத்தர் இங்க இருக்காருங்க." கவிதாவோ அந்த மைக் கேட்காத தூரத்தில், வேறொரு மையத்தில் அழுதுகொண்டிருந்தார். அந்த மையத்து நோட்டில் "காணவில்லை" என்று ஏழுமலை. இந்த மையத்து நோட்டில் "இருக்கிறார்" என்று ஏழுமலை. இரண்டு நோட்டும் ஒன்றையொன்று பார்க்கவே இல்லை.

"நான் பதினாலு கிலோமீட்டரும் சுத்தினேன் சார். அந்த மையத்தைத் தாண்டித்தான் போயிருக்கேன். பேனருக்குப் பின்னாடி அண்ணா உக்காந்திருக்கு. எனக்குத் தெரியல..."

இதைச் சொல்லும்போது இரண்டு வருஷத்துக்குப் பிறகும் அவர் குரல் ஒரு மாதிரி ஆகிவிடும்.

அதற்குத்தான் இந்தக் கோடு. பாதையில் இருக்கும் ஆறு தன்னார்வ மையங்களுக்கும் ஒரே பட்டியல். எங்கே யார் வந்து உட்கார்ந்தாலும் போனில் நாலு வரி தட்டிவிட்டால் ஆறு இடத்திலும் தெரியும். புடவை கலர், பாஷை, சொல்லத் தெரிந்தால் பேர், உடம்புக்கு ஏதாவது என்றால் அதுவும். மையத்துக்காரர்கள் ஒத்துக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை பௌர்ணமி. அன்றைக்கு முதல் முறையாக வைத்துப் பார்ப்பதாக ஏற்பாடு.

செவ்வாய்க்கிழமை நான் போய் வாயைத் திறந்தேன்.

பாவம், கவிதா என் மேல் மரியாதை உள்ளவர். "சார் சொல்றாரு, தலைப்பைப் பெருசாக்கு" என்று எடிட்டருக்கு டைப் செய்தார். அது கடகடவென்று எழுத ஆரம்பித்தது. தலைப்போடு நிற்கவில்லை. "எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தியிருக்கிறேன்" என்று பெருமையாக ஒரு செய்தி வேறு. அதே நேரம் வாசலில் ஒருத்தர் "வோட்டர் ஐடி ரெண்டு பக்கமும்மா" என்று நீட்ட, கவிதா சரி சரி என்று எல்லாவற்றுக்கும் சம்மதம் கொடுத்துவிட்டு, எடிட்டரை மூடிவிட்டு எழுந்தார்.

திரும்பி வந்து திறந்தால்... தலைப்பு பெரிசாகத்தான் இருந்தது. மற்றதெல்லாம் போயிருந்தது. பட்டியல் வரவில்லை. மையங்களின் பேர் வரவில்லை. பழையபடி ஆக்கு என்று சொன்னால், பழையபடி எப்படி இருந்தது என்று அதற்கே தெரியவில்லை.

கவிதா திட்டவில்லை. அதுதான் கஷ்டம். என்னை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் திரையைப் பார்த்தார். கையிரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"விடுங்க சார். நமக்கு இது ஆவாது போல."

நான் வீட்டுக்குப் போயிருக்கலாம். போகத்தான் நினைத்தேன். ஆனால் நாற்பது வருஷம் பேப்பரில் வேலை பார்த்தவன். ஒரு பக்கம் கலைந்துபோனால் பழைய புரூஃபைத் தேடுவதுதான் எங்கள் முதல் வேலை. "எங்கேயாவது ஒரு பழைய காப்பி இருக்காம்மா?" என்றேன்.

யோசித்தார். கடைக்காரப் பழக்கம் ஒன்று அவருக்கு உண்டு. எதைச் செய்தாலும் அவருக்கு அவரே மெயில் போட்டு வைத்துக்கொள்வார். தேடினார். பத்து நாளைக்கு முந்தைய காப்பி ஒன்று கிடைத்தது.

மூன்று மாதம் போனதில் பத்து நாள் மட்டும்தான் நஷ்டம். கவிதா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். அன்றைக்கு மீதிப் பொழுதும், மறுநாள் காலையும். நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்திருந்ததால் பத்து நாள் வேலையை ஒரே நாளில் திரும்பச் செய்துவிட்டார். நான் கடை வாசலில் நின்று ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தேன். ஏழுமலை நான் போட்ட தாள்களை வாங்கி, கோணலாக இருக்கிறது என்று முகத்தைச் சுளித்து, திரும்ப அடுக்கினார். பிராயச்சித்தம் என்றால் சும்மாவா?

புதன்கிழமை மதியம் எடிட்டரே ஒரு யோசனை சொன்னது. "உங்கள் கோடு இந்தக் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருக்கிறது. கோடு சேமிக்கும் தளம் ஒன்றில் இணைத்து வையுங்கள். ஒவ்வொரு மாற்றமும் தனித்தனியாக இருக்கும். எப்போது வேண்டுமானாலும் எந்த நாளுக்கும் திரும்பலாம்."

"இதை நேத்தே சொல்லியிருக்கக் கூடாதா இது?" என்றார் கவிதா.

நியாயமான கேள்வி.

இணைப்பது என்றால் என்ன? ஃபோனில் ப்ளூடூத் இணைக்கிற மாதிரி இரண்டு தட்டு தட்டினால் ஆயிற்று என்று நினைத்தேன். ஐயோ! முதலில் அந்தத் தளத்தில் கணக்கு தொடங்க வேண்டும். நீங்கள் மனிதர்தானா என்று அது சந்தேகப்பட்டு, ஒரு மிருகத்தின் படத்தைக் காட்டி, விரல் காட்டுகிற பக்கம் அதைத் திருப்பு என்றது. கவிதா திருப்பினார். தப்பு என்றது. நான் திருப்பினேன். அதுவும் தப்பு. ஏழுமலை எட்டிப் பார்த்தார். மவுஸைப் பிடித்து ஒரே திருப்பு. சரி என்றது!

அடுத்தது அனுமதி. "இந்த எடிட்டர் உங்கள் கணக்கில் இதையெல்லாம் பார்க்கும், எழுதும், சம்மதமா?" என்று ஒரு நீளமான பட்டியல். நாமாக இருந்தால் என்ன செய்வோம்? கீழே இருக்கும் பச்சை பட்டனை அழுத்துவோம். நேற்று சூடு பட்டவர் அப்படிச் செய்வாரா? கவிதா ஒவ்வொரு வரியாகப் படித்தார். 'எல்லாவற்றுக்கும்' என்று ஒன்று, 'தேர்ந்தெடுத்தவற்றுக்கு மட்டும்' என்று ஒன்று.

"வந்தவருக்கு ஹாலைக் காட்டினா போதும் சார். பீரோ சாவியும் சேத்துக் குடுக்கணுமா?"

ஒன்றுக்கு மட்டும் அனுமதி கொடுத்தார். ஆனால் அவருடைய கம்ப்யூட்டர் கொஞ்சம் பழசு. பிரவுசரில் 'சரி' என்று வந்தது. எடிட்டரோ 'காத்திருக்கிறேன்... காத்திருக்கிறேன்...' என்றே சுற்றிக்கொண்டிருந்தது. டீ வந்தது, குடித்தோம். அது இன்னும் காத்துக்கொண்டிருந்தது.

வேறு வழி கேட்டபோது, டோக்கன் எடுக்கச் சொன்னது எடிட்டர். டோக்கன் என்றால் ரேஷன் கடையில் கொடுக்கிற மாதிரி ஒரு சீட்டுதான். என்ன, இதில் நம்பருக்குப் பதில் முழ நீளத்துக்கு எழுத்துகள். அதைக் காட்டினால் கதவு திறக்கும்.

முதல் டோக்கன் வந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு அம்மா, "பேத்தி சர்டிஃபிகேட் லாமினேஷன்" என்று வந்து நின்றார். கவிதா பழக்கதோஷத்தில் அந்தப் பக்கத்தை மூடிவிட்டார். திரும்பத் திறந்தால் டோக்கன் இல்லை. ஒரே ஒரு தடவைதான் காட்டுமாம்! பாதுகாப்புக்காக.

இரண்டாவது டோக்கன். இந்தத் தடவை பத்திரமாகக் காப்பி செய்தாயிற்று. கொண்டுபோய் எடிட்டரோடு பேசும் பெட்டியில் ஒட்டிவிடு என்றேன் நான். (என் வாய்க்குத்தான் பூட்டே கிடையாதே!)

கவிதாவின் கை நின்றுவிட்டது. மெதுவாகத் திரும்பிச் சுவரைக் காட்டினார். அவரே கொட்டை எழுத்தில் அச்சடித்து ஒட்டியிருந்த காகிதம் — 'ஓ.டி.பி. நம்பரை யாருக்கும் சொல்லாதீர்கள், எங்களுக்கும் சொல்லாதீர்கள்.'

"ஊருக்கு எழுதி ஒட்டிட்டு நான் போய் சாட்ல போடலாமா சார்? இதுவும் அந்த மாதிரிதானே?"

அவர் சொன்னதுதான் சரி. டோக்கனைக் கேட்பதற்கென்று எடிட்டர் தனியாக ஒரு சின்னப் பெட்டி திறக்கும். எழுத்துகளைப் புள்ளி புள்ளியாக மறைத்துக் காட்டும். அதில்தான் போட வேண்டும். போட்டார். கதவு திறந்தது. கோட்டை அனுப்பினார்... அனுமதி இல்லை! உள்ளே வரலாம், பார்க்கலாம், எதையும் வைக்கக் கூடாது — அந்த வகை டோக்கனாம் அது. எழுதும் அனுமதியை டிக் செய்ய மறந்துவிட்டார்.

நான் சிரித்துவிட்டேன். நல்லவேளை, அவரும் சிரித்தார். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அவர் முகத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு.

மூன்றாவது டோக்கன். எல்லாம் சரி. அனுப்பும் பட்டனில் விரல். இனி அழுத்த வேண்டியதுதான்.

அழுத்தவில்லை.

"இருங்க சார்" என்றார். எந்தெந்த ஃபைல் போகப் போகிறது என்று ஒரு பட்டியல் காட்டுகிறதே, அதைப் படித்துக்கொண்டிருந்தார். அதில் 'மாதிரி' என்று ஒரு ஃபைல். பட்டியல் சரியாக வருகிறதா என்று சோதிப்பதற்காக, போன பௌர்ணமிக்கு மையத்து நோட்டில் இருந்த நிஜமான பேர்களை, நிஜமான போன் நம்பர்களைப் போட்டு வைத்திருந்தார். ஏழுமலையின் போட்டோ கூட அதில் இருந்தது.

"இது எங்க சார் போவும்? யார் யார் பாப்பாங்க?"

எனக்கென்ன தெரியும்? எடிட்டரைக் கேட்டோம். தளத்தை 'எல்லோரும் பார்க்கலாம்' என்று வைத்தால் உலகமே பார்க்கலாம். 'எனக்கு மட்டும்' என்றால் நீங்கள் மட்டும். ஆனால் ஒரு தடவை உள்ளே போனது, பின்னால் அழித்தாலும் பழைய பதிப்புகளில் அப்படியே இருக்கும்.

"அப்ப போவவே கூடாது" என்றார் கவிதா. "அழுதுட்டு வந்து நம்பர் குடுத்துட்டுப் போனவங்க சார் அவங்க. நம்பித்தானே குடுத்தாங்க?"

அந்த ஃபைலைத் தனியாக எடுத்து, இல்லாத நம்பர்களும் கற்பனைப் பேர்களுமாக வேறொன்று செய்தார். தளத்தையும் 'எனக்கு மட்டும்' என்று மாற்றினார். அதற்குப் பிறகுதான் அழுத்தினார். ஒரு நீலக் கோடு மெல்ல நகர்ந்தது... 'சேர்ந்துவிட்டது' என்று வந்தது.

நான் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். கம்ப்யூட்டர் படித்த எத்தனை பேர் அந்த இடத்தில் நின்று யோசித்திருப்பார்கள்? பி.ஏ. ஹிஸ்டரி என்று தன்னைக் கம்மியாகச் சொல்லிக்கொள்வார் கவிதா. (இந்த வரியை டைப் செய்யும்போது எடுத்துவிடச் சொல்வார். மாட்டேன்.)

வெள்ளிக்கிழமை வந்தது.

பாதை தொடங்கும் இடத்தில் ஒரு ஷாமியானா. பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் கவிதாவின் லேப்டாப். பக்கத்தில் அவர், அவருக்குப் பக்கத்தில் ஏழுமலை, அப்புறம் நான். காலையிலிருந்தே கூட்டம். மதியத்துக்குள் ஒன்பது பேரைச் சேர்த்து வைத்துவிட்டோம். மூணு குழந்தைகள், வயதானவர்கள் நாலு பேர், ஒரு புது மாப்பிள்ளை. மீதி ஒருத்தர் தொலையவே இல்லை — சாப்பிடப் போயிருந்தார்.

சாயங்காலம் நாலு மணி வாக்கில் தெலுங்கு பேசுகிறவர்கள் ஜாஸ்தியாக வர ஆரம்பித்தார்கள். தலைப்புகளைத் தெலுங்கிலும் போட்டால் அவர்களே படித்துக்கொள்வார்களே என்று கவிதாவுக்குத் தோன்றியது. எடிட்டரிடம் சொன்னார். அது எழுதிக் கொடுத்தது. தளத்துக்கு அனுப்பினார். அங்கே போனவுடன் எல்லாருடைய போனிலும் பக்கம் தானாகவே புதுசாகிவிடும் என்பது ஏற்பாடு.

புதுசாகிவிட்டது. வெள்ளை வெளேரென்று. ஒரு எழுத்து இல்லை!

ஆறு மையத்திலிருந்தும் போன். அதே நேரம் ஷாமியானாவுக்குள் ஒருவர் வேகமாக நுழைந்தார். ஐம்பத்தைந்து வயசு இருக்கும். சட்டையெல்லாம் வேர்வை. நெஞ்சோடு ஒரு பையை அணைத்துக்கொண்டிருந்தார்.

"மா ஆவிட கனபடலேதம்மா..." என்றார். சம்சாரத்தைக் காணோம் என்கிறார். சித்தூர் பக்கத்துக்காரர். தமிழும் தெலுங்குமாகக் கலந்து சொன்னார். மத்தியானம் ஒரு மணியிலிருந்து தேடுகிறாராம். சம்சாரத்துக்குச் சர்க்கரை வியாதி. ஊசி மருந்து இந்தப் பையில், போன் இந்தப் பையில், பிஸ்கட் கூட இந்தப் பையில்தான். அந்த அம்மா கையில் ஒன்றும் இல்லை.

ஏழுமலை எழுந்து தன்னுடைய நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார். அவர் உட்காரவில்லை.

பட்டியலைப் பார்க்கலாம் என்றால், திரை வெள்ளை.

நான் கவிதாவைப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை மடியில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாரே, அந்த முகம் வரப் போகிறது என்று பயந்தேன்.

வரவில்லை.

"சார், போனைக் கொஞ்சம் மேல தூக்கிப் பிடிங்க, சிக்னல் வரட்டும்" என்றார். நான் நாற்காலி மேல் ஏறி நின்று போனைத் தூக்கிப் பிடித்தேன். அவர் தளத்தைத் திறந்தார். வரிசையாக மாற்றங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் அவரே தமிழில் பேர் வைத்திருந்தார். மேலே 'தெலுங்கு தலைப்பு'. அதற்குக் கீழே 'காலைல நல்லா ஓடினது'.

கீழே இருந்ததைத் தேர்ந்தெடுத்தார். இதற்கே திரும்பு என்றார். சுற்றியது... சுற்றியது... பௌர்ணமிக் கூட்டத்தில் சிக்னல் எங்கே கிடைக்கும்? என் கை மரத்துப்போய்விட்டது. மூன்று நிமிஷம் இருக்கும்.

பக்கம் திரும்பி வந்தது. சேர்த்திருந்த பேர்கள் தனியாக வேறிடத்தில் இருந்ததால் ஒன்றுகூடக் குறையவில்லை. மேலிருந்து ஐந்தாவது வரி. பார்த்தவுடன் கவிதா சத்தம் போட்டே படித்தார் — "பச்சைப் புடவை. தெலுங்கு. பேர் ஈஸ்வரம்மா. சர்க்கரை இருக்குன்னு கையால காட்டுறாங்க. அடி அண்ணாமலை மையம்."

நேரம் பார்த்தார். ஒன்றே முக்காலுக்குப் பதிந்திருக்கிறார்கள்.

அந்த மையத்தைப் பார்த்துக்கொள்கிற சாந்தி அக்காவுக்குப் போன் போட்டார் கவிதா.

"அக்கா, ஈஸ்வரம்மா எப்படி இருக்காங்க?"

"கொஞ்சம் சோர்வா இருக்காங்கம்மா. மோரு குடுத்திருக்கோம். நர்ஸம்மா ஒருத்தங்க பக்கத்துல உக்காந்து பாத்துக்கிறாங்க. மருந்து என்னன்னு தெரியாம ஒண்ணும் செய்ய வேணாம்னாங்க. சொந்தக்காரங்க கிடைச்சுட்டாங்களா?"

"வீட்டுக்காரரு இங்கதான் இருக்காரு. மருந்தோட வர்றாரு. ஸ்பீக்கர்ல போடுங்க."

ஸ்பீக்கரில் அந்த அம்மாவின் குரல் வந்தது. என்ன சொன்னார் என்று எனக்குப் புரியவில்லை. திட்டியிருக்க வேண்டும். ஏனென்றால் வீட்டுக்காரர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டே, கண்ணில் தண்ணீரோடு சிரித்தார்.

ஒரு தன்னார்வலரின் பைக்கில் பின்பக்கத் தெரு வழியாக அவரை அனுப்பி வைத்தோம். வெயில் இறங்குவதற்குள் ஊசி போட்டாயிற்று, இட்லி சாப்பிட்டாயிற்று என்று சாந்தி அக்காவிடமிருந்து சேதி வந்தது. கவிதா போனைக் கீழே வைத்தார். அண்ணனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

நான் அன்றைக்கு யோசித்தது இதுதான். செவ்வாய்க்கிழமையும் தப்பு நடந்தது. வெள்ளிக்கிழமையும் தப்பு நடந்தது. அதே எடிட்டர், அதே கவிதா. பின்னே என்ன வித்தியாசம்? செவ்வாய்க்கிழமை திரும்பிப் போக வழி இல்லை. வெள்ளிக்கிழமை இருந்தது. நம்மில் பல பேர் புதுசாக ஒன்றைத் தொடாமலே இருப்பது அறிவு கம்மி என்பதால் இல்லை. கெட்டுப்போனால் பழையபடி ஆக்க முடியாதே என்ற பயத்தால்தான். அந்த பயத்தை மட்டும் எடுத்துவிட்டால் பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையில் என்னவெல்லாம் நடக்கிறது பாருங்கள்!

கதை இங்கே முடிந்தது என்றுதான் நினைத்தேன். பௌர்ணமி முடிந்து இரண்டு நாள் கழித்து கவிதா ஒரு காரியம் செய்தார். வேற ஊர்த் திருவிழாக்களுக்கும் உதவட்டுமே என்று அந்தக் கோட்டை எல்லோரும் பார்க்கலாம் என்று திறந்து வைத்தார். யாருடைய நம்பரும் அங்கே ஒருநாளும் போனதில்லை. அதனால் தைரியமாகத் திறந்தார்.

இந்த வாரம் திங்கட்கிழமை நான் கடைக்குள் காலை வைக்கிறேன், ஒரே பதற்றம்.

"சார், யாரோ நம்ம கோடுக்குள்ள பூந்துட்டாங்க சார்! மாத்தியிருக்காங்க!"

உட்கார்ந்து நிதானமாகப் படித்தோம். யாரும் புகவில்லை. முன்பின் தெரியாத ஒருவர், எந்த ஊரோ, ஆணோ பெண்ணோ அதுவும் தெரியாது. கோட்டைப் பார்த்திருக்கிறார். நாம் கைவிட்ட தெலுங்கு தலைப்பை எடுத்து, பக்கம் வெள்ளையானது எந்த வரியால் என்று கண்டுபிடித்து, அதைச் சரிசெய்து, தெலுங்கையும் திருத்தி, "உங்களுக்குச் சம்மதமென்றால் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று வாசலிலேயே வைத்துவிட்டு நிற்கிறார். நாம் சரி என்றால்தான் உள்ளே வரும்.

கவிதா நம்பவில்லை. "எதுக்கு சார் செய்றாங்க? நம்மள யாருன்னே தெரியாதே?"

அவர் சும்மா சேர்த்துக்கொள்ளவும் இல்லை. ஒவ்வொரு வரியையும் படித்தார். எதிர் டிபன் கடையில் தெலுங்கு தெரிந்தவரைக் கூப்பிட்டு, தலைப்புகளை வாசித்துக் காட்டச் சொன்னார். அவர் வாசித்துவிட்டு, "நல்ல தெலுங்கும்மா, மரியாதையா எழுதியிருக்காங்க" என்றார். கவிதா தன்னுடைய கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தார். பக்கம் வெள்ளையாகவில்லை. அப்புறம்தான் சேர்த்துக்கொண்டார்.

பதில் எழுத ஒரு பெட்டி இருந்தது. எடிட்டர் முந்திக்கொண்டு ஆங்கிலத்தில் நாலு வரி நன்றிக் கடிதம் எழுதி நீட்டியது. பளபளவென்று நன்றாகத்தான் இருந்தது.

கவிதா அதை அழித்தார்.

"இதை மட்டும் நானே எழுதுறேன் சார்."

தமிழில், ஒற்றை விரலால், நிறுத்தி நிறுத்தி டைப் செய்தார். ஈஸ்வரம்மாவைப் பற்றி எழுதினார். மோரைப் பற்றி எழுதினார். அடுத்த பௌர்ணமிக்கு வந்தால் கடைக்கு வரச் சொல்லி, பஸ் ஸ்டாண்டிலிருந்து எப்படி வர வேண்டும் என்று வழியும் எழுதினார்.

"அவங்களுக்குத் தமிழ் தெரியாதேம்மா?" என்றேன்.

"யார்கிட்டயாவது கேட்டுத் தெரிஞ்சிப்பாங்க சார்... நான் கேக்கல?"

வாயை மூடிக்கொண்டேன். இந்த ஒரு தடவையாவது!